வேகமான ஒன்றா, சாதாரணமான இரண்டா?

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஓய்வுபெறும் தேதி வேலையில் சேர்ந்த அன்றே தெரிந்துவிடும். 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் மாலை, பொன்னாடை, குழுப் படம். அடுத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வேலை. பீரோவும் கட்டிலும் வடலூரிலோ சிதம்பரத்திலோ கட்டிய வீட்டுக்கு லாரி ஏறும். தோட்டத்தில் வைத்த மாவும் பலாவும் அடுத்து வரும் குடும்பத்துக்கு. பெட்டி கட்டும் அந்த நாட்களில்தான் பல வீடுகளில் லேப்டாப் மீது கண் போகிறது.

அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள். வைப்பு நிதித் தாள்களின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திர நகல், மகள் கல்யாண வீடியோ, பேரன் பிறந்த அன்று வாட்ஸ்அப்பில் வந்த படங்கள். கூடவே முதல் அனல் மின் நிலைய வாசலில் சக ஊழியர்களோடு எடுத்துக்கொண்ட ஒரு படமும் இருக்கலாம். சோவியத் ஒத்துழைப்போடு 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த நிலையம் 2020 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டது. நிறுவனத்தின் ஆவணங்கள் நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்ட படங்கள் அவரவர் வீட்டு லேப்டாப்பில்தான் கிடக்கின்றன. அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்குவது என்று முடிவாகிறது. மெயின் பஜார் கடையானாலும் இணையக் கடையானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எது ஃபாஸ்ட்? அட்டைப் பெட்டியும் அதற்கே பதில் சொல்லக் காத்திருக்கிறது. நொடிக்கு 1,050 எம்பி, 2,000 எம்பி என்று எண்கள் கொட்டை எழுத்தில் மின்னுகின்றன. இரண்டு எண்ணையும் வைத்துப் பார்த்துப் பெரியதற்குப் பணம் கட்டிவிட்டால் நல்ல பொருள் வாங்கிய திருப்தி. அந்தத் திருப்திக்கு வீட்டு உபயோகத்தில் பெரிய அடிப்படை இல்லை. மிக வேகமான ஒரு டிரைவுக்குக் கொடுக்கும் பணத்தில் நடுத்தர வேகத்தில் ஒன்றும் மெதுவான இன்னொன்றும் வாங்குவதே பேக்கப் என்ற வேலைக்குப் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு குடும்பத்து லேப்டாப்பில் 400 ஜிபி அளவுக்குக் கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய யு.எஸ்.பி. 2.0 வழியில் நொடிக்கு 35 எம்பி போனாலே அதிகம். 400 ஜிபி நகர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையடக்க ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு 130 எம்பி வாங்கும் என்றால் 51 நிமிடம். நொடிக்கு 1,000 எம்பி எழுதும் எஸ்.எஸ்.டி.க்கு ஏழு நிமிடம்கூட வேண்டாம். 2,000 எம்பிக்காரனுக்கு மூன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும், காகிதத்தில்.

ஆனால் 400 ஜிபியையும் முழுதாகக் காபி செய்வது முதல் முறை மட்டும்தான். அதன் பிறகு விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கில் உள்ள டைம் மெஷினும் புதிதாகச் சேர்ந்ததையும் மாறியதையும் மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. வாரத்துக்கு மூன்று ஜிபி புதிதாகச் சேர்ந்தால் ஹார்டு டிஸ்குக்கு ஆகும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு. விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.க்கு மூன்று நொடி. மிச்சமாகும் இருபது நொடிக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவதில் என்ன இருக்கிறது?

இந்தக் கணக்கும் பெட்டிக்குள் இருக்கும் கேபிளோடு நிற்கிறது. டிரைவை வாங்கி வந்த இரண்டாம் மாதம் அந்தக் கேபிள் காணாமல் போகும், அல்லது யார் பையிலாவது சென்னைக்குப் போய்விடும். மேசையில் கிடக்கும் போன் சார்ஜர் கேபிளை எடுத்துச் செருகுவார்கள். இரண்டு பக்கமும் டைப்-சி, அச்சு அசலாக அதே முகம், டிரைவும் வேலை செய்யும். ஆனால் போனோடு வரும் கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டவை. டேட்டா கடத்துவதில் அவை யு.எஸ்.பி. 2.0 வேகத்தோடு நின்றுவிடுகின்றன. 2,000 எம்பி டிரைவ் 35 எம்பியில் ஊர்ந்துகொண்டிருக்கும். லேப்டாப் எந்த எச்சரிக்கையும் தராது. டிரைவோடு வந்த கேபிளை ஒரு ரப்பர் பேண்டில் அதோடேயே கட்டிவைப்பது, பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணையும்விட வேகத்துக்கு உதவும்.

லேப்டாப் பக்கத்துத் துளையும் அப்படித்தான். 2008இல் யு.எஸ்.பி. 3.0 என்று வந்ததை 2013இல் 3.1 ஜென் 1 என்றார்கள், 2017இல் அதையே 3.2 ஜென் 1 ஆக்கினார்கள். பெயர் மூன்று, வேகம் அதே 5 கிகாபிட். வாங்குபவரைக் குழப்புவதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. நினைவில் வைக்க வேண்டியது கிகாபிட் கணக்கை மட்டும்தான். 5 கிகாபிட் துளையில் நடைமுறையில் நொடிக்கு 450 எம்பி வரை கிடைக்கும்; 10 கிகாபிட் என்றால் 1,000 எம்பி சுற்றி. சாம்சங்கின் டி9 போன்ற டிரைவ்கள் சொல்லும் 2,000 எம்பிக்கு 3.2 ஜென் 2x2 என்ற 20 கிகாபிட் வழி வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் அந்த வழி கிடையாது. அங்கே செருகினால் டி9 இறங்கி வந்து, அதற்கு முந்தைய டி7 ஓடும் அதே 1,000 எம்பி அளவில் ஓடும். பணம் மட்டும் டி9 விலையில் போயிருக்கும். கடைக்குப் போகும் முன் லேப்டாப்பின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, அதன் துளை எத்தனை கிகாபிட் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். பத்து ஆண்டுப் பழைய லேப்டாப்பானால் 5 கிகாபிட் துளையே அதிகம்.

பெட்டியில் உள்ள வேக எண்ணுக்குப் பக்கத்தில் பொடி நட்சத்திரக் குறி ஒன்று இருக்கும். பெட்டியைத் திருப்பினால் அதைவிடப் பொடி எழுத்தில் விளக்கம்: நிறுவனத்தின் சோதனைச் சூழலில் கிடைத்த உச்ச வேகம், பயன்பாட்டைப் பொறுத்து மாறும். மாறத்தான் செய்கிறது. விலை குறைந்த எஸ்.எஸ்.டி.களில் எழுதப்படுவது முதலில் கேஷ் எனப்படும் வேகமான பகுதியில் போய் விழுகிறது. அது நிரம்பும் வரை உச்ச வேகம்; நிரம்பிய பிறகு, ஒரே செல்லில் நான்கு பிட்டுகளைத் திணிக்கும் க்யூ.எல்.சி. வகை சில்லுகளில் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்குக்கூட இறங்கிவிடலாம். பெரிய முதல் பேக்கப்பின்போதுதான் கேஷ் நிரம்பும். வேகம் உண்மையில் தேவைப்படும் அந்த ஒரே நாளில் பெட்டியில் சொன்ன வேகம் கிடைக்காது.

ஹார்டு டிஸ்க் தரப்பிலும் ஒளிவுமறைவு உண்டு. தடங்களைக் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்.எம்.ஆர். முறையில் கொள்ளளவு கூடும், தொடர்ந்து எழுதும்போது வேகம் சரியும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசை டிரைவ்கள் சிலவற்றில் இந்த முறையைச் சொல்லாமல் புகுத்தியிருந்தது 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. அமெரிக்காவில் வழக்கு வரை போனது. அதற்குப் பிறகும் கையடக்க டிரைவ்களின் பெட்டிகளில் இந்தத் தகவலைத் தேடினால் கிடைப்பதில்லை. உச்ச வேகத்தை எட்டு மடங்கு பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், 200 ஜிபி தொடர்ந்து எழுதினால் என்ன வேகம் கிடைக்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திர மதிப்பீட்டு வில்லையை ஒட்டவைத்த நாட்டில் இது செய்ய முடியாத காரியமில்லை.

வேகமே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சின்னச் சின்னக் கோப்புகள் என்று வரும்போது கதை மாறும். வாட்ஸ்அப் ஃபோல்டரில் கிடக்கும் ஐம்பதாயிரம் படங்களைக் காபி செய்யும்போது ஹார்டு டிஸ்கின் ஊசி ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. 130 எம்பி என்பது ஒற்றை இலக்கத்துக்குக்கூட விழும். ஊசியே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு அந்த அலைச்சல் கிடையாது. கல்யாண வீடியோ எடிட் செய்பவர், டிரைவிலிருந்தே நேரடியாக வேலை பார்ப்பவர், நாள்தோறும் நூறு ஜிபி இறக்குபவர் எல்லாரும் வேகத்துக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். வீட்டுக்காரரும் இரண்டு மணி நேரம் ஆகிற வேலை என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார். அடுத்த வாரம் தீபாவளிக்குப் பிறகு வரும்.

பெரிய அளவில் அப்படித் தள்ளிப்போட்டதன் விலையைத் தென் கொரியா கொடுத்தது. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கப் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்து, 858 டிபி தரவு போயிற்று. வெளியே பிரதி கிடையாது. கொள்ளளவு மிகப் பெரியது, செயல்திறன் குறைந்தது, ஆகவே பேக்கப் எடுக்கவில்லை என்பதே அதிகாரிகள் தந்த விளக்கம். அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

டேஜோனில் குறையாக இருந்தது வேகம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது இடம் என்ற ஒன்று இல்லாமல் போனதுதான் 858 டிபியையும் ஒரே தீயில் கொண்டுபோனது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். அனல் மின் நிலையத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்புக்கு ஸ்டாண்ட்பை பம்பு ஒன்று தயாராக நிற்கும். ஓடுகிற பம்பு எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் ஸ்டாண்ட்பையை எடுத்துவிடலாம் என்று எந்த ஷிப்ட் இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். முப்பது வருஷம் அந்தக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவர்கள், வீட்டுக்கு வந்ததும் குடும்பத்தின் மொத்தப் படங்களையும் ஒரே டிரைவில் போட்டு அலமாரியில் வைத்து நிம்மதி அடைகிறார்கள். லேப்டாப்பில் இடம் இல்லை என்று அங்கிருந்து அழித்தும் விடுகிறார்கள். அழித்த அந்த நொடியில் டிரைவில் இருப்பது பேக்கப் என்ற தகுதியை இழந்து ஒரே பிரதியாகிவிடுகிறது.

இரண்டு வாங்குவது என்றானால் எந்த இரண்டு? கையோடு இருக்க வேண்டியது ஒரு எஸ்.எஸ்.டி.; 10 கிகாபிட் வகை, 1 டிபி, அதற்கு மேல் வேகம் தேட வேண்டாம். கீழே விழுந்தாலும் தாங்கும், வாராவாரம் செருகுவதற்குச் சலிப்புத் தராது. இரண்டாவதாக ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க். வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்க வேண்டியது இதுதான்.

ஹார்டு டிஸ்க் இன்னும் எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். உள்ளே சுழலும் தட்டு, மேலே அலையும் ஊசி என்ற ஏற்பாடு 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டத்தில் ஐம்பது தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு. இன்றைய போன் எடுக்கும் ஒரு படம் அதில் அடங்கினால் பெரிது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 14ஆம் தேதி, நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. கிட்டத்தட்ட ஒரே வயது. தட்டின் மேல் காந்தப் புள்ளியாக எழுதப்பட்டது மின்சாரம் இல்லாமல் கிடந்தாலும் பல ஆண்டு நிற்கும் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஹார்டு டிஸ்கின் பலம்.

எஸ்.எஸ்.டி. சில்லில் தகவல் நிற்பது மின்னூட்டமாக. டிரைவை எங்கும் செருகாமல் வைத்திருந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் அளவுகோல்படி, எழுதும் ஆயுளை முழுதாகப் பயன்படுத்தி முடித்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காப்பாற்றினால் போதும். புதிய டிரைவ் இதைவிட வெகு காலம் தாங்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நெய்வேலியின் மே மாதத்தை 30 டிகிரியில் யார் பார்த்திருக்கிறார்கள்? மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் மூன்று கோடை கிடக்கப்போகிற பொருளாக எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கையோடு இருக்கும் எஸ்.எஸ்.டி. வாரம் ஒருமுறை செருகப்படுவதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்கவும் கூடாது. பெயர் பெற்ற நிறுவனம் என்றால் பிழையே வராது என்ற நம்பிக்கையை 2023 ஆட்டிப் பார்த்தது. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசை எஸ்.எஸ்.டி.கள் சில திடீரென்று இணைப்பு அறுந்து, உள்ளே இருந்த கோப்புகளோடு செத்துப்போவதாகப் பயன்படுத்துவோர் புகார் சொன்னார்கள். அப்போதைய தாய் நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டல் மே மாதம் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குகள் பதிவாயின. புகாருக்குள்ளான அந்த டிரைவ்கள் சந்தையின் வேகமான டிரைவ்கள் வரிசையில் இருந்தவைதான். வாரன்டி என்பது பழுதான டிரைவுக்கு மாற்று டிரைவ் தரும். உள்ளே இருந்த கல்யாண வீடியோவுக்கு அதில் பொறுப்பில்லை.

பெயரே தெரியாத நிறுவனங்களின் கதை வேறு. இணையக் கடைகளில் 16 டிபி எஸ்.எஸ்.டி. என்று ஒரு பொருள் அடிமாட்டு விலைக்கு வரும். சாம்சங் போன்ற பெரிய நிறுவனமே கையடக்க எஸ்.எஸ்.டி.யில் 8 டிபியை 2023இல்தான் எட்டியது. டி5 இவோ என்ற அந்த மாடலின் வேகம் நொடிக்கு 460 எம்பி, விலை சாமானியர் தொடும்படி இல்லை. அப்படியிருக்க 16 டிபி எங்கிருந்து வரும்? உலோக உறையைத் திருகு கழற்றித் திறந்தவர்கள் உள்ளே பார்த்தது ஒரு சின்னச் சர்க்யூட் பலகை, அதில் சூடான பசையால் ஒட்டிய போன் மெமரி கார்டு ஒன்றோ இரண்டோ. கொள்ளளவை 16 டிபி என்று லேப்டாப்பிடம் பொய் சொல்லும்படி மென்பொருள் மாற்றப்பட்டிருக்கும். முதல் 64 ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்குப் பின் எழுதுவது எல்லாம் பதிந்ததாகக் காட்டிவிட்டுக் காற்றில் போகும். கோப்பின் பெயர் திரையில் தெரியும், திறந்தால் திறக்காது. எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் டிரைவ் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வாங்கிய பின் டிரைவை லேப்டாப்பிலேயே செருகி வைத்திருப்பதும் வழக்கம். அது வேண்டாம் என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் சாட்சி. 2022 நவம்பர் 23 அன்று அந்த மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் பிடித்தது. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டிபி தரவு பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. புற நோயாளிச் சீட்டும் பரிசோதனை முடிவும் சுமார் இரண்டு வாரம் பேனா, காகிதத்தில் ஓடின. இ-ஹாஸ்பிடல் தரவு முழுதும் மீண்டு வந்தது, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால். வீட்டு லேப்டாப்பில் ரான்சம்வேர் நுழைந்தால் செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும். காபி முடிந்ததும், பாதுகாப்பாக வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும்.

லேப்டாப் செத்தாலும் உள்ளிருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறு உறையில் போட்டுப் படித்துக்கொள்ளலாம் என்ற பழைய தைரியமும் இனி உதவாது. பல மெல்லிய லேப்டாப்களில் சேமிப்புச் சில்லு பலகையோடு பற்றவைத்தே வருகிறது. விண்டோஸ் 11 பல புதிய லேப்டாப்களில் தானாகவே டிஸ்கைப் பூட்டிக்கொள்கிறது; மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாவிட்டால் பழுது பார்ப்பவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி வங்கிப் பாஸ்புக்கோடு வைப்பது இன்றைக்கே செய்யக்கூடிய வேலை.

இரண்டாவது டிரைவ் எங்கே போக வேண்டும்? 2005 வாக்கில் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி, மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்கிறது. வெளியிடம் என்பதைக் கடலூர் மாவட்டத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நெய்வேலியில் ஒன்று, கடலூரில் ஒன்று என்று வைத்தவர் இரண்டு வீட்டையும் ஒரே புயலில் நினைத்துக் கவலைப்பட்டிருப்பார். மகன் வீடு சென்னையில்தானே என்றால், 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையும் கடலூரும் சேர்ந்தே தண்ணீரில் நின்றன. ஆகவே தூரத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். தரைத்தளத்து ஷோகேஸின் கீழ் அறையைவிட, மாடி வீட்டில் லாஃப்டுக்குச் சற்றுக் கீழே, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது மேல். ஆதார், பான், பத்திர நகல்கள் அதில் இருக்கும் என்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியே கொடுத்தனுப்ப வேண்டும். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, கிளவுடில் போட்டால் போகிறது என்பார்கள். போடலாம், தாள்களுக்கும் தேர்ந்தெடுத்த படங்களுக்கும் அது நல்ல மூன்றாவது பிரதி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. படங்களுக்கு அளவில்லா இடம் என்ற சலுகை 2021 ஜூன் 1 அன்றே முடிந்தது. 20 மெகாபிட் அப்லோடு வேகம் கிடைக்கும் வீட்டிலிருந்து 400 ஜிபியை ஏற்ற 44 மணி நேரம், நடுவில் ஒரு நிமிடம்கூட அறுபடாமல் போனால். மாதச் சந்தாவைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஓய்வூதியத்தில் வாழ்பவர் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே தொடங்கலாம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகள் அவற்றில்தான் உருவாகின்றன. கணினியைக் கையில் கொடுக்கும் நாளன்றே, பேக்கப் எடுப்பது எப்படி, திரும்ப எடுப்பது எப்படி என்று அரை மணி நேரம் செய்துகாட்டினால் செலவு ஏதுமில்லை. நெய்வேலியில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் இதற்கு ஒரு மேசை போடலாம்.

திரும்ப எடுப்பது என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளை படத்தின் பெரும்பகுதியை அழித்தது. பேக்கப் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் அது வெகு நாளாகவே சரியாகப் பதியவில்லை; சோதித்துப் பார்த்தவர் இல்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற மேற்பார்வையாளரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரின் பின் இருக்கையில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். (கதை பிடிக்கவில்லை என்று பிறகு படத்தின் பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தது தனி வேடிக்கை.)

குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய சோதனை தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரைவை வேறொருவர் லேப்டாப்பில் செருகி, ஏழெட்டுக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் போதும்: ஒரு பி.டி.எஃப்., பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று, கல்யாண வீடியோ. வீடியோவை முதல் நிமிடத்தோடு நிறுத்திவிடாமல் நடுவிலும் கடைசியிலும் ஓரிடத்தைத் தட்டி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பாதியில் அறுந்துபோன காபியும் மங்கள இசை வரை ஒழுங்காகவே ஓடும்.